பக்கத்துக் கட்டில் பையனுக்கு

இன்று காலை மகளுக்குத் தலை பின்னும்போது, காதுக்குப் பின்னாலிருக்கும் தழும்பில் சீப்பு தட்டி நின்றது. "மெதுவாம்மா" என்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது, சாமி.

சேலம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலும் அவள் கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இருவருக்கும் மூளையில் கட்டி, ஒரே வாரத்தில் ஆபரேஷன். நீ புதுச்சத்திரத்து லாரி டிரைவரின் மகன். நாங்கள் குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்கள். முதலில் எழுந்து உட்கார்ந்தவன் நீதான். அவள் கஞ்சி வேண்டாமென்றால், "குடிச்சாத்தான் ஊட்டுக்கு உடுவாங்க பாப்பா" என்று அதட்டுவாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வெளிச்சம் பட்டாலே அழுதாய். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி ஏறிவிட்டது, வழக்கமான மருந்து எதற்கும் அடங்கவில்லை, இப்படி வருவது அபூர்வம் என்றார் டாக்டர். தனி அறைக்கு மாற்றி, தலைக்குள் குழாய் வைத்து மருந்து செலுத்தினார்கள். நடுவில் ஒருநாள் தெளிந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "அத்தை, எங்கப்பா லாரிக்கு டீசல் ஊத்தற மாதிரி என் தலையில மருந்து ஊத்தறாங்க" என்று சிரித்தாய்.

அப்போதே என் மகளுக்கும் உடம்பு சுட்டது. முதுகிலிருந்து நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிருமி இல்லை என்று நர்ஸ் சொன்னதும் வராந்தாவுக்கு ஓடி, போனில் வீட்டுக்காரரிடம் கத்தினேன்: "ஏனுங்க, நம்ம புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க! தப்பிச்சுட்டோமுங்க!"

சிரித்தபடியே திரும்பினேன். உன் அம்மா நின்றிருந்தாள். உன் சட்டையை மார்போடு பிடித்திருந்தாள். நீ சற்றுமுன்தான் போய்விட்டாய் என்பது அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல சேதிங்க்கா. பாப்பா எப்படி இருக்குன்னு அவன் கேட்டுட்டே இருந்தான்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உனக்குத் தெரியாதே, விடு" என்கிறார் வீட்டுக்காரர். உண்மைதான். ஆனால் தெரிந்த பிறகும், அவள் கைக்குள் என் கை இருந்தபோதும், உள்ளே அந்தச் சந்தோஷம் கொஞ்சமும் குறையவில்லை சாமி. அதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை.

போன மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். தறிக்கூடத்துக்குப் போய் அவரிடம் மெல்லச் சொன்னேன். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்றார். சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.