நண்டு தின்ற நாற்றும் உன் படிப்பும்

அன்பு மகள் மபிந்திக்கு,

உன் அம்மா யாபோம் எழுதுவது. அல்லாவின் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், வியட்நாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் படகை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். உன் தங்கை பொசேவுக்குப் பெண் பிறந்திருக்கிறது, முகம் அப்படியே உன் சாடை, அழுதால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். மரவள்ளிக் கீரையும் செம்பனை எண்ணெயும் இல்லாமல் இளைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய், கிடைத்ததைச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு பாடத்துக்குப் போகாதே.

படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன், நம் ஊரே சிரித்த வேலையை இங்கே உட்கார்ந்து கற்று என்ன பயன் என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நானும்தான் நின்றேன். நியான் வியட்நாமிலிருந்து நெல் சாகுபடி கற்றுத்தர வந்து நம் சதுப்பு வயலில் இளநாற்றை ஒற்றை ஒற்றையாக நடச் சொன்னாள், நட்டோம், ஆற்றில் கடல்நீர் ஏறி வடிந்ததும் போய்ப் பார்த்தால் நண்டு அத்தனையையும் நறுக்கித் தள்ளியிருந்தது. உன் சித்தப்பா சோரி வரப்பில் நின்றுகொண்டு, "ஏம்மா, உங்க ஊரு நண்டுக்குப் பல்லே முளைக்காதா?" என்று கேட்டார். அவள், "எங்க ஊர்ல நத்தைதான் நாத்தைத் திங்கும். நண்டைப் பத்தி நான் கேக்கவே இல்ல, தப்பு என்னுதுதான்" என்று நம் பாஷையில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அதோடு நீ படிக்க விமானம் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

அவள் மூட்டை கட்டவில்லை. என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து, நாங்கள் ஏன் முற்றிய நாற்றைக் கொத்தாக நடுகிறோம் என்று துருவித் துருவிக் கேட்டாள், அவர்கள் ஊரில் உப்புநீரை எப்படித் தடுக்கிறார்கள் என்று நானும் விடாமல் கேட்டேன். இந்த மழைக்கு இரண்டையும் சேர்த்தோம். நாற்று நம் வழக்கப்படி நண்டு நறுக்க முடியாத அளவுக்கு நெடுநெடுவென்று முற்றியது, வரிசையும் இடைவெளியும் அவள் சொன்னபடி. ஆற்றோரம் பெண்கள் நாங்கள் மண் சுமந்து கரை எழுப்பி அதில் ஒரு பலகைக் கதவு வைத்தோம், உள்ளே மழைநீர் நிறைந்தால் தானே வெளிப்பக்கம் திறந்துகொள்ளும், கடல்நீர் ஏறினால் அந்த நீரே அழுத்தி மூடிவிடும்.

கரை எழுந்ததும் வாய்க்காலில் மீன் ஏறுவது நின்றுபோனது. ஒரு நாள் காலையில் சோரி மண்வெட்டியோடு வந்துவிட்டார். "அண்ணி, தள்ளி நில்லுங்க. என் பிள்ளைங்களுக்கு மீன் வேணாமா?" என்றார். அவர் வெட்ட ஓங்கிய இடத்திலேயே போய் நின்றேன். "வெட்டுறதுன்னா என் காலையும் சேத்து வெட்டு சோரி. கதிரு பால் பிடிக்கிற நேரம். உப்பு ஏறிச்சுன்னா உன் பிள்ளைங்க தட்டுல மீன் மட்டும்தான் கிடக்கும்" என்றேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் பக்கத்தில் நின்றார்கள். நியான் கதவண்டை இறங்கி, "வடியிற தண்ணியோட மீன் இங்கதான் வந்து கூடும், எங்க ஊர்ல வலையை இங்கதான் கட்டுவாங்க" என்றாள். சோரி முறைத்துக்கொண்டே போய் வலையை எடுத்துவந்து கட்டினார். கூடை நிறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், பாதிதான் வந்தது, ஆனால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இன்றும் முணுமுணுப்பு ஓயவில்லை, கரையில் ஓட்டை விழுந்தால் அடைக்க முதலில் ஓடுகிறவரும் அவர்தான்.

நெல் வந்தது மபிந்தி. மழை சீக்கிரமே நின்று வயலில் உப்பு ஏறியதால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் பதர், கரைக்குள்ளே மட்டும் கதிர் தலை சாய்ந்து நின்றது. ஆனால் அதே கரைக்குள் மேட்டுப் பக்கத்தில் இன்னொரு வினை வந்து சேர்ந்திருக்கிறது. கடல்நீர் படாமல் காய்ந்த மண் துருப்பிடித்ததுபோல் சிவந்து புளித்துவிட்டது, அங்கே பயிர் கருகிப்போனது. நியான் அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊரையும் படுத்தின நோய்தான். நிலத்தை விட்டுட்டுப் போன குடும்பங்க எத்தனையோ. அப்புறம் வழி கண்டுபிடிச்சுத் திரும்பி வந்தாங்க. அந்த வழி தெரிஞ்சவங்க உங்க மக படிக்கிற இடத்துல இருக்காங்க" என்றாள். அவள் தவணை முடிந்து போன வாரம் ஊருக்குப் போய்விட்டாள், கரையில் நின்று இரண்டு பேரும் அழுதோம்.

அதனால் நீ இப்போது வரக் கூடாது. குளிருதா, சால்வை வாங்கிக்கொள். பாஷை புரியவில்லையா, நியான் நம் பாஷையில் உளறி உளறித்தான் கற்றாள், நீயும் உளறு. வகுப்பில் எழுந்து நின்று நண்டுக் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல், சிரித்தால் சிரிக்கட்டும். நீ வெட்கப்பட்டு மறைத்தால் நாளைக்கு வேறொரு நாட்டுக்குப் போகிறவளும் நண்டுக்குத்தான் நாற்று நடுவாள். பிறகு அந்தச் சிவந்த மண்ணை என்ன செய்வதென்று கேள், புரியும் வரை கேள்.

அல்லா உனக்கு நல்ல உடம்பும் கெட்டியான மனசும் கொடுக்கட்டும். அப்பா உனக்காகக் கேட்கும் துஆவும் பொசேவின் சலாமும் இதோடு வருகின்றன. மழை தொடங்குவதற்கு முன் உன் பதில் வந்தாக வேண்டும், மறந்துவிடாதே. அந்தச் சிவந்த நிலத்தை நான் தரிசாகப் போடப்போவதில்லை. நீ சொன்னால் அதன்படி நடுவேன், சொல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் நடுவேன், எப்படியும் நடுவேன். எப்படி நடலாம், நீயே சொல்.

உன் அம்மா,
யாபோம் துரே