ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள்

1997 ஒக்டோபர் 5, ஞாயிறு

மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. வாசிகசாலைச் சுவரில் யோகலிங்கம் ஒட்டியிருக்கும் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. சின்னராசா, 1214. அடுத்தவன் தங்கத்துரை, 1190. திருகோணமலையில் சீட்டுத் தாள் எடுத்து முந்நூற்றிநாலு விளையாட எனக்கு மேல் ஆளில்லை என்று முப்பது வருடமாக வாயால் சொல்லி வந்தேன், ஒருவனும் நம்பவில்லை. இலக்கத்தில் எழுதி ஒட்டினால் நம்புகிறார்கள்.

இந்தப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது யோகலிங்கம்தான். துறைமுகக் கந்தோரில் கிளாக். செஸ் விளையாடுகிறவர்களுக்கு உலகம் முழுக்க இப்படித்தானாம். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஆயிரம். சமமான ஆட்களை வென்றால் பதினாறு ஏறும். பெரிய ஆட்களை வென்றால் கூட ஏறும், சின்ன ஆட்களை வென்றால் கொஞ்சம்தான். ஏறுகிற அளவு தோற்றவர்களிடமிருந்து இறங்கும். முந்நூற்றிநாலில் இரண்டு பேர் ஒரு பக்கம் என்பதால் இருவருடையதையும் கூட்டிப் பாதியாக்கி அந்தச் சராசரியைப் பார்க்க வேண்டும். யோகலிங்கம் மூன்று முறை விளங்கப்படுத்தினான். எனக்கு முதல் முறையே விளங்கிவிட்டது. மற்றவர்களுக்காகத்தான் திருப்பிக் கேட்டேன்.

டிசம்பர் முடிய யார் முதலாவதோ அவருடைய பெயரைத் தேக்குப் பலகையில் வருடத்தோடு எழுதி வாசலுக்கு மேல் மாட்டப் போகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனின் பெயர் வாசிகசாலை வாசலில்!

ஒக்டோபர் 12, ஞாயிறு

யோகலிங்கத்திடம் மெல்லக் கேட்டேன்: "தம்பி, ஒருத்தன் விளையாடாமல் இருந்தால் புள்ளி குறையுமோ?"

"இல்லை அண்ணை. கூடவும் மாட்டுது, குறையவும் மாட்டுது. ஏன்?"

"சும்மா, அறிவுக்குத்தான்."

ஒக்டோபர் 19, ஞாயிறு

வலக்கை மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, பார்க்கிறவர்கள் இருக்கும் வாங்கில் இருந்தேன். உள்துறைமுகத்தில் கரைதட்டிய ஒரு பெரிய வள்ளத்தைத் தனியாளாகத் தள்ளப்போய்ச் சுளுக்கிவிட்டது என்று சொன்னேன். வள்ளம் எவ்வளவு நீளம் என்று வீரசிங்கம் கேட்டான். நாற்பது அடி என்றேன். பிறகு யோசித்தேன், முப்பது போதுமாக இருந்திருக்கும்.

என் சோடி பாயிஸ், பட்டியலில் சேர்ந்து ஒரு மாதம்தான், இன்று தம்பிராசாவோடு இருந்து விளையாடினான். இரண்டும் தோல்வி. போகும்போது என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, பெண்சாதி ஜெமீலாவிடம் நல்ல எண்ணெய் இருக்கிறது, நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்றான்.

எண்ணெய் வந்தால் பூசத்தான் வேண்டும்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

வாசிகசாலைக்கு வெளிக்கிட்டேன். சீதேவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. போன கிழமை சுளுக்கு வலக்கையிலயெல்லோ?"

பார்த்தால் துணி இடக்கையில் கிடக்கிறது. முப்பத்தாறு வருடம் இந்தப் பெண்ணோடு காலம் தள்ளுகிறேன். சிஐடியில் சேர்த்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

"அந்த மனுசன், பாயிஸ், உங்களோட விளையாடத்தானே ஜமாலியாவில இருந்து ரெண்டு செக்பொயின்ற் தாண்டி வாறார்" என்றாள். பலகையைப் பற்றிச் சொன்னேன். துணியை அவிழ்த்து வலக்கையில் கட்டிவிட்டாள். கொஞ்சம் இறுக்கித்தான் கட்டினாள்.

நவம்பர் 2

மழை. வாசிகசாலை பூட்டு. 1214.

நவம்பர் 9, ஞாயிறு

அருளம்பலம் கனடாவுக்குப் போகிறான். மகன் எடுப்பித்துவிட்டான். இன்று கடைசி ஆட்டம் ஆடி, எல்லோருடைய கையையும் பிடித்துவிட்டுப் போனான். அவனுக்கு 1074 புள்ளி. யோகலிங்கம் பட்டியலில் அவன் பெயரை வெட்டும்போது சொன்னான்: "எங்கட எழுபத்திநாலு புள்ளியை மனுசன் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோயிட்டார்."

"அப்ப போன வருசம் போன ஆக்கள்?" என்று கேட்டேன்.

"அவையில கனபேர் தோத்துப்போட்டுப் போனவை, அண்ணை. அவையின்ர புள்ளி இஞ்சதான் கிடக்கு. கூட உங்களிட்டத்தான் கிடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கப்பல்துறைச் சிவபாதத்தை ஐந்து முறை வென்றிருக்கிறேன், அவன் இப்போது மன்னாரில் என்கிறார்கள். சாம்பல்தீவு மாஸ்டரை எட்டு முறையாவது வென்றிருப்பேன். அவர் எங்கே? ஒருவருக்கும் தெரியாது. என் 1214-க்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

நவம்பர் 11, செவ்வாய்

நித்திரை வரவில்லை, எழுதுகிறேன். அறுபத்தாறாம் ஆண்டு துறைமுகத்தில் ஏழு கப்பல் வரிசையாக நிற்கும். ஒன்பது என்றும் சொல்லலாம். நான் வின்ச் ஓட்டுகிறவன். கீழே கப்பல் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேலே விளிம்பில் நின்று பாயிஸ் கையைக் காட்டுவான் - உயர்த்து, நிறுத்து, இறக்கு. அந்தக் கையை மட்டும் பார்த்து கோதுமை மா மூட்டையை இறக்குவேன். பதினெட்டு வருடம். ஒரு மூட்டைகூட ஒருவன் காலில் விழவில்லை. இது பொய்யில்லை.

மத்தியானம் மூட்டையைக் கவிழ்த்து வைத்து, நாலு பேர் சுற்றிவர இருந்தால் முந்நூற்றிநாலு தொடங்கிவிடும். அவன் எனக்கு நேரெதிரே. கவிழ்த்து வைத்த துரும்பு எந்த இனம் என்று அவனுக்கு நான் சொன்னதில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டியதில்லை. அவன் போடுகிற தாள் எனக்குக் கதை சொல்லும். கிரேக்கக் கப்பல் ஆட்கள் எங்களைத் தங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக நின்றார்கள். கூட்டிக்கொண்டு போகத்தான் நின்றார்கள் என்று நினைக்கிறேன், பாஷை விளங்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று ஒரு கேவலம் நடந்தது.

பாயிஸ் தம்பிராசாவோடு இருந்தான். எதிரே தங்கத்துரையும் வீரசிங்கமும். வீரசிங்கம் உருவித்தன் ஒன்று இறக்கினான். பாயிஸ் ஆடுதனைப் போட்டான். உருவித்தன் டைமண்ட், ஆடுதன் ஹார்ட், இரண்டும் சிவப்புத் தாள். இறக்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போடவேண்டும், இது குழந்தைக்கும் தெரியும். கடைசியில் பார்த்தால் பாயிஸின் கையில் இரண்டு உருவித்தன்.

"களவு!" என்று தங்கத்துரை மேசையில் அடித்தான்.

"களவில்ல. கவனிக்கல்ல."

"முப்பது வருசம் விளையாடின ஆள் கவனிக்கேல்லையோ?"

ஆட்டம் அவர்களுக்குப் போனது. நான் வாங்கில் இருந்த கிழமைகளில் தோற்றுத் தோற்றுப் பாயிஸுக்கு 888. தொள்ளாயிரத்துக்குக் கீழே போனால் ஞாயிற்றுக்கிழமை மேசை இல்லை, சனிக்கிழமை பழகுகிறவர்களோடுதான் இருக்கவேண்டும். யோகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு எழுதினான். பாயிஸ் குடையை எடுத்துக்கொண்டு நடந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. நான் கட்டுப்போட்ட கையோடு வாங்கில் இருந்தேன்.

பாயிஸ் களவு செய்ய மாட்டான். அப்படியென்றால் என்ன?

நவம்பர் 20, வியாழன்

ஜமாலியாவுக்குப் போனேன். ஜெமீலா தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"கை எப்பிடி மச்சான்?" என்று கேட்டான்.

"சுகம். எண்ணெய் நல்ல எண்ணெய்."

"பூசின மணமே இல்ல."

தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன். அவன்தான் பிறகு சொன்னான். கண்ணில் பூ விழுந்திருக்கிறது. கையில் இருக்கிற தாளைக் கிட்டப் பிடித்தால் தெரிகிறது. மேசையில் கிடக்கிறது தெரிவதில்லை. கறுப்பா சிவப்பா என்பது மட்டும் தெரியும், எந்தச் சிவப்பு என்று தெரியாது. கொழும்புக்குப் போய் வெட்டவேண்டும். பாஸ், பாதை, தங்க இடம் எல்லாம் சரிவர அடுத்த வருடம் ஆகுமாம்.

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்ல?"

"உனக்கு முன்னால இருந்தா எனக்குக் கண் தேவைப்படல்ல. நீ என்ன போடுவாய் எண்டு தெரியும். மத்தவனுகளோட இருக்கக்குள்ளதான் பிடிபட்டுப் போனன்."

சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தான்.

"ஒருத்தருக்கும் சொல்லாத, சின்னராசா. குருடன் எண்டு இரக்கப்பட்டு எனக்கு விட்டுக்குடுத்து விளையாடுவானுகள். அதுக்கு நான் வீட்ட இருப்பன்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நான் செய்த சத்தியங்களில் காப்பாற்றியதும் உண்டு.

நவம்பர் 22, சனி

யோகலிங்கத்தின் விதிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்க அரை மணித்தியாலம். தொள்ளாயிரத்துக்குக் கீழே உள்ளவரும் ஞாயிறு விளையாடலாம், சோடியின் சராசரி ஆயிரத்துக்கு மேல் இருந்தால். பாயிஸுக்கு 888. எனக்கு 1214. கூட்டிப் பாதியாக்கினால் 1051.

தங்கத்துரை அவனோடு இருக்கவே மாட்டான். மற்ற யாரோடு இருந்தாலும் ஆயிரம் வராது. நாலு முறை கூட்டிப் பார்த்தேன். என்னோடு மட்டும்தான் வருகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுப் போனேன். எல்லோரும் இருக்கும்போது எழும்பி நின்று சொன்னேன்:

"இஞ்ச விளையாடுற முறை பிழை. தாளைப் போடேக்க பேரைச் சொல்லிப் போடவேணும். வெள்ளைக்காரன்ர நேவி மெஸ்ஸில அதுதான் சட்டம். சின்ன வயசில ஒரு கப்டன் எனக்குப் படிப்பிச்சவர். பேர் சொல்லாமல் போட்டால் மேசையை விட்டு எழுப்பிப்போடுவினம்."

"உங்களுக்கு அப்ப எத்தினை வயசு அண்ணை?" என்று தங்கத்துரை கேட்டான். "வெள்ளைக்காரன் போய் நாப்பது வருசம்."

"பதினாலு. ஆனால் பாக்க இருபது மாதிரி."

சிரிப்பு. நான் விடவில்லை. மொழுமொழுவென்று தேய்ந்த இந்தக் கட்டில் எட்டும் ஏழும் எனக்கே தெரியவில்லை, பேர் சொன்னால் களவு என்ற கதையே எழும்பாது என்றேன். யோகலிங்கம் என்னைக் கூர்ந்து பார்த்தான். அவனுக்கு ஏதோ பிடிபட்டிருக்கலாம், கேட்கவில்லை.

"சட்டம் நல்லதுதான்" என்றான். "ஆனால் வாங்கில இருக்கிற ஆள் மேசைக்குச் சட்டம் சொல்ல ஏலாது. நீங்கள் இருந்து விளையாடுறதெண்டால் எழுதுறன்."

தங்கத்துரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் 1214 தெரியும், பலகையும் தெரியும்.

"எழுதும்" என்றேன். "என்ர சோடி பாயிஸ்."

நவம்பர் 30, ஞாயிறு

பாயிஸ் வந்தான். எனக்கு நேரெதிரே இருந்தான். ஒவ்வொரு தாளுக்கும் மேசையே சத்தம். "கலாவரை ராசா!" "ஆடுதன் பத்து!" ரோட்டில் நின்ற சென்றிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

தங்கத்துரை, வீரசிங்கம் சோடியோடு எங்களுக்கு இரண்டு ஆட்டம். இரண்டும் தோல்வி, பதினொன்று பதினொன்றாக. எனக்கு இப்போது 1192. இவ்வளவு நாளும் பொத்திப் பொத்தி வைத்தது அரை மணித்தியாலத்தில் போய்விட்டது.

பாயிஸ் ஒரு தாளும் பிழைவிடவில்லை.

டிசம்பர் 7

இரண்டு வெற்றி. வெள்ளத்தால் தங்கத்துரை வரவில்லை.

டிசம்பர் 14

ஒரு வெற்றி, ஒரு தோல்வி. பாயிஸ் ஆடுதன் ஒன்பதைப் பிடித்து வைத்திருந்து கடைசியில் போட்ட விதம் - அறுபத்தாறாம் ஆண்டு போட்டது போலவே. மா மூட்டை மணந்தது எனக்கு.

டிசம்பர் 28, ஞாயிறு

கடைசி ஞாயிறு. நான் 1206, தங்கத்துரை 1197. ஒரே ஒரு ஆட்டம். வென்றால் பலகை எனக்கு, தோற்றால் அவனுக்கு. பார்க்க ஐம்பது பேர் வந்திருந்தார்கள். பதினைந்து பேர்.

பாயிஸ் இருநூறு எடுப்போம் என்று கேட்டுத் துரும்பு வைத்தான். அவன் அவ்வளவு கேட்டால் கையில் தாள் இருக்கிறது என்று பொருள். நாலாவது பிடியில் நான் பொறுத்திருக்க வேண்டும். அவன் அடிக்க இருந்த இடத்தில் அவசரப்பட்டு நான் துரும்பால் வெட்டினேன். பலகையை நினைத்துக்கொண்டு வெட்டினேன். அதோடு ஆட்டம் போனது. பன்னிரண்டு குறைய நின்றுவிட்டோம்.

பிழை என்னுடையது. பாயிஸுடையது இல்லை.

தங்கத்துரை எழும்பி வந்து கை தந்தான். "விளையாடாமல் இருந்திருந்தால் உங்கட பேர்தானே அண்ணை" என்றான். நக்கலாகச் சொல்லவில்லை.

செக்பொயின்ற் வரைக்கும் பாயிஸோடு நடந்தேன். மழை விட்டிருந்தது. கொஞ்சத் தூரம் போய்க் கேட்டான்:

"அந்தக் கப்டன்ர பேரென்ன மச்சான்?"

எனக்கு ஒரு பேரும் வாயில் வரவில்லை. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"சரி விடு" என்றான். "அவருக்கு நான் சலாம் சொன்னதெண்டு சொல்லு."

டிசம்பர் 31

பலகை மாட்டியாயிற்று. தங்கத்துரை, 1997. எழுத்து கொஞ்சம் சரிவு. சீதேவி கோழி ஆக்கினாள், ஏன் என்று சொல்லவில்லை.

1998 ஜனவரி 11, ஞாயிறு

கந்தளாயில் இருந்து இரண்டு பேர் விளையாட வந்தார்கள். பாயிஸுக்கு நோன்பு. ஆனாலும் நேரத்தோடு வந்துவிட்டான். முதல் தாள் விழுந்ததும் எல்லோரும் பேர் சொல்லிக் கத்த, வந்தவர்கள் பயந்துபோனார்கள்.

"இதென்ன பழக்கம்?" என்று ஒருவர் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. தங்கத்துரைதான் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தினான். வெள்ளைக்காரன் நேவிச் சட்டமாம். கப்டனின் பெயர் மக்டொனால்டாம். பெரிய போர்க்கப்பலாம். உலக யுத்த காலத்தில் இங்கே நங்கூரம் போட்டிருந்ததாம், கப்டனுக்கு ஒரு கண்ணில் கறுப்புத் துணியாம்.

பாயிஸ் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிப்புத்தான்.

"உன்ர முறை மச்சான்" என்றேன்.

"உருவித்தன் ஜாக்" என்று உரத்துச் சொல்லிப் போட்டான்.