திறப்பது, மூடுவது

மார்ச் 3

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அண்ணன் முதுகைத் தவிர. தைலம் தேய்க்க ஆள் கிடைத்துவிட்டால் மனிதருக்கு வலி கூடிவிடுகிறது.

நகராட்சி ஊழியர் சம்பளத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தோமே, உங்கள் தலைமை அலுவலகப் பட்டியல் நேற்று எங்கள் தண்ணீர் ஆபீஸ் பலகைக்கு வந்துவிட்டது. வால்வு திறக்கிற நாங்கள் பதினோரு பேரும் முண்டியடித்துப் பார்த்தோம். ‘வால்வு திறப்பவர்: திறன் தேவையற்ற வேலை. கடைசி நிலை.’ இனிப் பத்து வருஷத்துக்கு எங்கள் சம்பளம் அங்கேயேதான் கிடக்கும். எங்களில் மூத்தவர், “அப்ப இருபத்தாறு வருஷமா நான் என்னதான் கிழிச்சேன்?” என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடியில் இருப்பது உன் கையெழுத்து. அந்தச் சுழியை எனக்குத் தெரியாதா? யாரிடமும் மூச்சு விடவில்லை. இருந்தாலும் மனசு ஆறவில்லையம்மா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சத்தியமாக உங்களைக் குறைத்து நினைத்து எழுதவில்லை. எங்களுக்கு ஒரு படிவம் உண்டு. ஒரு வேலையில் எத்தனை படிகள் என்று அந்தந்த ஊர்ப் பொறியாளர் எழுதி அனுப்புவார். படிகள் கூடக் கூட நிலை உயரும். உங்கள் பொறியாளர் எழுதியது இரண்டே படி: ‘திறப்பது, மூடுவது.’ இப்படி நூற்றுப் பதினான்கு வேலைகளை மேசையில் உட்கார்ந்தே தரம் பிரித்தேன். சொந்தக்காரர் என்று கூட்டிப் போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

அடுத்த வாரம் அலுவலக வேலையாக அங்கே வருகிறேன். கோபமாக இருந்தால் விடுதியில் தங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
நாத்தனார்


மார்ச் 12

நாத்தனாருக்கு,

விடுதியில் தங்கினால் காலை உடைப்பேன். கோபம் வேறு, சோறு வேறு. உன் அண்ணன் இப்போதே உனக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டார். முதுகு வலி எங்கே போயிற்றோ!

ஒரே நிபந்தனை. காலை ஐந்து மணிக்கு என்னோடு வேலைக்கு வர வேண்டும். நனைந்தால் கெடாத செருப்பாகக் கொண்டு வா.

அண்ணி


மார்ச் 21

என் அண்ணிக்கு,

வீடு திரும்பி மூன்று நாளாயிற்று. இன்னும் காதில் அந்தச் சத்தம்தான்.

குழி மூடியைத் தூக்கி நீளச் சாவியை இறக்கினீர்கள். கடகடவென்று திறந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஒன்பதாவது சுற்றில் நின்றுவிட்டீர்கள்.

“என்னாச்சு அண்ணி, மாட்டிக்கிச்சா?”

“சும்மா இரு. குழாய்ல இருக்கிற காத்து முதல்ல போகட்டும். அவசரப்பட்டா ஆஸ்பத்திரித் தெருவுல பழைய குழாய் வெடிச்சிடும்.”

சாவியில் உள்ளங்கையை வைத்து, அதிர்வு அடங்கும்வரை காத்திருந்தீர்கள். பிறகு பதினெட்டுச் சுற்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகம். இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லையே அண்ணி!

அப்புறம் அந்த இரும்புக் கம்பி. ஒரு முனை தார்ச்சாலையில், மறு முனை உங்கள் காதில். பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து குனிந்து தெரு முழுக்க நடந்தீர்கள். ஓரிடத்தில் சாக்பீஸால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். “இங்க தோண்டுங்க.” தோண்டினார்கள். நாலடி ஆழத்தில், வட்டத்துக்கு நேர் கீழே, குழாயில் மிளகளவு ஓட்டை! எனக்குப் புல்லரித்துவிட்டது. நீங்களோ கையைத் துடைத்துக்கொண்டு, “வா, காபி குடிக்கலாம்” என்கிறீர்கள்!

கம்பியை என் காதிலும் வைத்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. “மூச்சை அடக்காதே, மெதுவா விடு” என்றீர்கள். அப்போது கேட்டது. என் காலுக்கடியில் ஒரு ஊரே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக நம் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், அவளிடம் நான் துணிக்கடைத் தள்ளுபடியைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

வந்ததும் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன்: ‘ஒரு வேலையையும் நேரில் பாராமல் கையெழுத்திட்டேன். வால்வு திறப்பவர்களில் ஒருவர் என் அண்ணி.’ கோப்பு கைமாறிவிட்டது. எனக்கு வரவிருந்த பதவி உயர்வு போயிற்று. வேறு பிரிவுக்கும் மாற்றிவிட்டார்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்துத் தரம் பிரிக்க வேறொருவர் வருவார். அவர் யார் சிபாரிசையும் கேட்கிறவர் இல்லை, அதனால் முடிவு எப்படியும் போகலாம். அந்த ஒன்பதாவது சுற்றை மட்டும் மறக்காமல் காட்டுங்கள்.

உங்கள்
நாத்தனார்


மே 16

என் செல்ல நாத்தனாருக்கு,

வந்தவர் சிரிக்கத் தெரியாத மனிதர். இரண்டு நாள் கூடவே நடந்து கேள்வி கேட்டே பிராணனை வாங்கிவிட்டார். “ஏம்மா நின்னீங்க? எதை வச்சு முடிவு பண்ணீங்க?” இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள். ஒன்பதாவது சுற்றில் அவர் கையையும் சாவியில் வைக்கச் சொன்னேன்.

நேற்றுப் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் வேலையில் நாற்பத்தொரு படிகளாம்! நானே எண்ணிப் பார்த்ததில்லை. என் கை இதையெல்லாமா செய்கிறது என்று வீட்டுக்கு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று நிலை ஏறியிருக்கிறோம். மூத்தவர் வரிவரியாக உரக்கப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும், “ஆமா, இதைச் செய்றோம்ல!” என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே நின்றோம். படித்து முடித்தவர் அழுதுவிட்டார்.

உன் பதவி உயர்வை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. உன் அண்ணனோ தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, “அவ என் தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பட்டியலின் அடியில் உன் கையெழுத்தைத் தேடினேன். வேறு யாருடையதோ இருந்தது. பழைய பட்டியலில் அது இருந்தபோது ஒருவரிடமும் சொல்லாதவள் நான். நேற்று மற்ற பத்துப் பேரையும் கூப்பிட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துச் சொன்னேன்: “இங்க ஒரு கையெழுத்து இல்ல, பாருங்க. அது என் நாத்தனாரோடது.”

அன்புடன்,
அண்ணி