சீனிப் பாக்கெட்டும் உன் அம்புகளும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் மகள் நீ விட்டுப்போன அந்த நீளக் குழாயின் மூடியைத் திருகியதும் முதலில் வார்னிஷ் வாசனை வந்தது, பிறகுதான் உன் அம்புகள் வந்தன. தம்போய் வீட்டில் உன் சமையலறையில் குழம்பு வாசனையோடு கலந்து கிடந்த அதே வாசனை. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். அன்று எனக்கு முதலில் வந்தது பயம். இன்னும் போகவில்லை. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்? பயத்தைப் பற்றிப் பேச உன்னைவிட்டால் ஆள் இல்லை.

உன்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி வில்லைத் தொட்டதே எனக்கு ஆச்சரியம். தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்ற நாம் இருவரும், தெப்ராவில் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் திடலில் மர வில் பழகப் போனோம். நான் பொழுதுபோக்காக வந்தேன். நீயோ அம்பு செய்யவே உட்கார்ந்துவிட்டாய். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு மரக்குச்சியைப் படுக்கவைத்து, நடுவில் ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று குனிந்து பார்ப்பாய். அதிகம் தொய்ந்தால் அது உன் வில்லின் வேகத்தைத் தாங்காது, விடும்போதே முறிந்துவிடலாம். தொய்யவே இல்லையென்றால் விறைப்பு அதிகம், அம்பு ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும். தேறாத குச்சிகள் மிளகாய்ச் செடிகளுக்கு முட்டுக் கொடுத்தன. உன் வீட்டுக்காரர் தேநீருக்குச் சீனி கேட்டால் அம்பிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பாய்.

யோங் பெங்கிலிருந்து ஒருவர் திடலுக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? நாம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்காமலே உன் அம்பு ஒன்றை எடுத்துத் தன் முரட்டு வில்லில் பூட்டிவிட்டார். படார் என்று ஒரு சத்தம். அம்பு இரண்டாகிப் போய், மரச்சிலாம்பு அவருடைய கட்டைவிரலின் அடியில் ஏறியிருந்தது. அவரே சிரித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். நீதான் அன்று அதற்குப் பிறகு வில்லைத் தொடவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு அம்பையும் விடுவதற்கு முன் காதருகே வைத்து லேசாக வளைப்பாய், மரம் முணுக்கென்று ஒரு சத்தம் போடுகிறதா என்று கேட்பாய். நம் பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள். நான் கேலி செய்தால், "பயந்து பயந்து செஞ்சாத்தான் லா கை முழுசா இருக்கும்" என்பாய்.

உன் நினைவு நாளுக்கு அதே திடலில் உன் வில்லில் உன் அம்புகளை விட வேண்டும் என்று உன் மகள் ஆசைப்பட்டாள். சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அங்கே வில் பழகியிருக்கிறாள். உன்னைப் போலவே நானும் ஒவ்வொரு அம்பையும் காதருகே வளைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட முனகவில்லை. அதற்கும் மேலே பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சிரித்தாள்.

"அம்மா செஞ்ச அம்பு ஆன்ட்டி. என்னைய ஒண்ணும் பண்ணாது."

அம்பைப் பூட்டி இழுத்தாள். சிங்கப்பூரில் கொடுக்கிற நீள அம்புகளுக்குப் பழகிய கை, அதே தூரத்துக்கு இழுத்தது. அம்பின் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, வில் பிடித்திருந்த அவளுடைய இடது கைக்குப் பின்னால் நின்றது. அவள் விரல் சற்று வழுக்கினால் போதும், அம்பு அந்தக் கையைத் துளைத்துக்கொண்டுதான் போகும். அவளுக்கு அது தெரியவில்லை. கண் இலக்கின் மேல் இருந்தது.

கத்தினால் அவள் பதறி விட்டுவிடுவாள். பக்கத்தில் போய், அவள் விரல்களோடு சேர்த்து நாணைப் பிடித்துக்கொண்டு, "விடாதம்மா. அப்படியே இரு" என்றேன். மறு கையால் அம்பை நாணிலிருந்து கழற்றிக் கீழே போட்டேன். இருவருமாக வில்லை மெதுவாகத் தளர்த்தினோம். முனை எங்கே நின்றது என்று நான் காட்டியதும் அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். அம்பின் வாலை அவள் நெஞ்சில் வைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னேன். முனை விரல் நுனிகளைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். உன் அம்பு அவளுடைய உள்ளங்கைகளுக்குள்ளேயே முடிந்துவிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அம்மாவ விட இவ்வளவு வளந்துட்டேனா ஆன்ட்டி?" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உன் அம்புகளை அவளே துடைத்துக் குழாயில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். வில்லை மட்டும் கைவிட அவளுக்கு மனமில்லை, அதில்தான் பழகுவேன் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாள். அவளுக்குப் புது அம்புகள் செய்ய வேண்டும். குச்சி நீளமானால் எளிதில் வளையும். அவள் உன்னைவிட அதிகம் இழுப்பதால் உன் வில்லும் இன்னும் வேகமாகத் தள்ளும். உனக்குச் சரியாக இருந்த விறைப்பு அவளுக்குப் போதாது. இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்க நீ இல்லை.

இப்போது என் வீட்டில் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு குச்சி கிடக்கிறது, நடுவில் சீனிப் பாக்கெட். குனிந்து பார்க்கிறேன், அவிழ்க்கிறேன், மறுபடி தொங்கவிடுகிறேன். சரி என்று கண் சொன்னாலும் மனம் ஒப்பவில்லை. உன் மகளின் இடது கைதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீ இருந்திருந்தால், பயப்பட நாம் இரண்டு பேர் இருந்திருப்போம்.