வட்டம் ஆறும் வரை

பிப்ரவரி 6

பள்ளியிலிருந்து சின்னவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கழுத்தில் இருக்கிற வட்டம் ஆறும்வரை வரக்கூடாதாம். லேபில் யாரோ ஒரு பெரியவருக்கு முழுப் பல்செட் செய்துகொண்டிருந்தேன். மெழுகில் மேல்வரிசைப் பற்களைப் பதித்து முடித்திருந்தேன். கீழ்வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தோல் டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். படர்தாமரை. மருந்துக்கடைக்காரர் கொடுத்த ட்யூபைக் காட்டினேன். போன மாதம் அதைத் தடவியதும் வட்டம் மாயமாய் மறைந்தது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு சார். அரிப்பை மட்டும் அமுக்கிடும், பூஞ்சை உள்ளே சுகமா வளரும். வீட்ல நாய், பூனை ஏதாவது?"

"கினிப்பன்றி," என்றான் சின்னவன் பெருமையாக. "ரெண்டு!"

பெரியவளையும் அழைத்துவரச் சொன்னார். மாலையில் அவளுடைய முழுக்கைச் சட்டையை மடித்துப் பார்த்தால், இரண்டு கையிலும் வட்டங்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே," என்றாள். நியாயம்தான்.

பிப்ரவரி 8

கினிப்பன்றிகளைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அக்டோபரில் அக்கா இறந்துபோனபிறகு அவள் பிள்ளைகள் இரண்டு பையும் ஒரு கூண்டுமாக என்னிடம் வந்தார்கள். அத்தான் கப்பலில் இருக்கிறார், வருடத்தில் பாதி நாள் கடலில். தற்காலிக ஏற்பாடு என்றுதான் பேச்சு. கூண்டில் இருக்கிற இரண்டுக்கும் அக்கா வைத்த பெயர்: ஓடிக்கொண்டே இருப்பது அவசரம், தின்றுகொண்டே இருப்பது நிதானம்.

நிதானத்துக்கு மூக்கைச் சுற்றி முடி கொட்டி, வெள்ளைவெள்ளையாய்ச் செதில். அவசரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் சுமந்துகொண்டிருக்கலாமாம்.

"எது எதுக்குக் குடுத்துச்சுன்னு பஞ்சாயத்து வைக்காதீங்க," என்றார் அந்த டாக்டர் அம்மா. "இப்ப எல்லாரும் ஒரே குடும்பம். எல்லாருக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்க."

வாயில் சொட்டுமருந்து, உடம்புக்கு மருந்துத் தண்ணீர், கையுறை. தினமும் கூண்டுத் துணியை மாற்ற வேண்டும். மரச்சாமான் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, மரம் பூஞ்சையை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

அதனால் அவை தூங்குகிற மரப்பெட்டியைக் குப்பையில் போட்டேன். முன்பக்கம் அக்கா தன் கையால் இரண்டு பெயரையும் பெயின்டில் எழுதியிருந்தாள். போட்டுவிட்டு வந்து கை கழுவினேன். மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 9

துவைத்தேன்.

பிப்ரவரி 12

பிள்ளைகளின் அத்தை போன் செய்தார், ஸ்பீக்கரில் போட்டுத் துணி மடித்துக்கொண்டே பேசினேன். அத்தானின் மூத்த சகோதரி. இந்த மாதக் கடைசியில் இருவரையும் அவர் வீட்டுக்கு அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பெரிய வீடு, நிறைய ஆட்கள், வாய் நிறையப் பேசுகிறவர்கள். இப்போது அங்கே மகள் பிரசவத்துக்கு வந்து, பச்சைக்குழந்தை இருக்கிறது.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. முழுசா ஆறின பிறகு கொண்டாந்து விடுங்க."

"சரிக்கா."

"அந்த எலிங்க மட்டும் வேண்டாம். யாருக்காவது குடுத்துடுங்க."

"சரிக்கா."

எனக்கு வாயில் எப்போதும் ஒரு சரி தயாராக இருக்கிறது. அக்காவின் ஆஸ்பத்திரியிலும் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றுதான் கையெழுத்துப் போட்டேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெரியவள் வாயில் டூத்பிரஷோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15

வீட்டில் இப்போது ஆளுக்கொரு நிறத் துண்டு. சின்னவனுக்கு மஞ்சள், பெரியவளுக்குப் பச்சை, எனக்கு நீலம், கூண்டுக்குப் பழைய சிவப்பு. எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறேன். தரையை பிளீச்சிங் போட்டுத் துடைக்கிறேன். சோபாவின் இடுக்கில் எல்லாம் முடி. லேபிலும் பிளாஸ்டர் தூள், வீட்டிலும் வெள்ளைத் தூள். நான் இருக்கிற இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான்.

காலையில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கவைத்துப் பார்க்கிறேன். சின்னவனுக்கு நான் மருந்து போடுகிறேன். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டியும் தடவ வேண்டும், எல்லை அங்கேதான் நகருமாம். பெரியவளுக்குப் பதினொரு வயது. கதவைச் சாத்திக்கொண்டு அவளே போட்டுக்கொள்கிறாள்.

பிப்ரவரி 19

இன்று என் கடிகாரப் பட்டைக்கு அடியில் ஒரு வட்டம். சின்னவன்தான் கண்டுபிடித்தான். "மாமாவும் எங்க கட்சி!" என்று குதித்தான்.

டாக்டர் கேட்டார்: "இவ்ளோ பெருசா ஆகற வரைக்கும் அரிக்கலையா சார்?"

அரித்திருக்குமோ என்னவோ. தெரியவில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டில் எனக்கும் ஒரு ட்யூப் எழுதினார்.

பிப்ரவரி 20

பெரியவருக்குப் பல்செட் முடிந்து போய்விட்டது. நன்றாகச் சிரிக்கலாம். யார் யாருக்கோ சிரிப்பு செய்து அனுப்புகிறேன்.

பிப்ரவரி 27

நிதானத்தின் மூக்கில் புதுமுடி. சின்னவன் கழுத்தில் லேசான கறை மட்டும், திங்கட்கிழமை பள்ளிக்குப் போகலாம். என் மணிக்கட்டும் தேவலை.

பெரியவளுக்கு மட்டும் ஆறவில்லை. முழங்கைக்கு மேலே புதிதாக ஒன்று. ட்யூப் என்னவோ ஒழுங்காகக் குறைந்துகொண்டுதான் வருகிறது. டாக்டர் குழம்பிப்போய் மாத்திரையும் சேர்த்து எழுதினார். "மருந்து போடறியாம்மா?" என்றார். "போடறேன்," என்றாள் சுவரைப் பார்த்து.

மார்ச் 3

அத்தை மறுபடி போன். ஆறவில்லை என்றேன். "என்ன தம்பி, கவனிக்கிறீங்களா இல்லையா?" என்றார். கவனிக்கிறேன் என்றேன். துவைப்பதைத்தான் கவனிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனோ?

பிள்ளைகள் அங்கே போவதுதான் நல்லது. அங்கே மடியில் உட்காரவைத்துத் தலைவாரிவிட ஆள் உண்டு. இங்கே என்ன இருக்கிறது? பிளீச்சிங் வாசனையும் நானும்.

மார்ச் 7

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மாலை வீட்டுக்கு வந்தால் சின்னவன் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறான். அவசரத்தைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அது கத்துகிறது. இழுத்து வெளியே எடுத்தேன். என்னடா பண்றே என்று அதட்டினேன். அழ ஆரம்பித்துவிட்டான்.

"எனக்கு ஆறிடுச்சு மாமா. அக்காவுக்கு ஆறலை. அப்ப நான் மட்டும் அத்தை வீட்டுக்குப் போகணுமா?"

"யாருடா சொன்னது?"

"ஆறினா போகணும்னு அக்காதான் சொன்னா. அதான் அவ மருந்தை பேப்பர்ல பிதுக்கிப் போட்டுடறா. எனக்கு மட்டும் நீங்க போட்டுட்டீங்க. இப்ப அவசரத்துக்கிட்டயும் ஒண்ணும் வர மாட்டேங்குது!"

பெரியவள் அறை வாசலில் நின்றாள். மறுக்கவில்லை. குப்பைப் பையைப் பிரித்துப் பார்த்தேன். மடித்து மடித்து வைத்த காகிதங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சொட்டு மருந்து. எவ்வளவு ஒழுங்கு! அவள் அம்மாவைப் போலவே.

"ஏன்மா? அரிக்கலையா உனக்கு?"

"அரிக்குது."

"அப்புறம் ஏன்?"

"ஆறினா அனுப்பிடுவீங்க. நீங்கதான் சரிக்கா, சரிக்கான்னு சொன்னீங்க. எலிங்களையும் குடுத்துடறதா சொன்னீங்க."

நான் சொன்னேன் — எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை — இங்க என்னம்மா இருக்கு, எனக்குப் பேசக்கூட வராது, உங்கம்மா போனதுல இருந்து எனக்கு எதுவுமே தோண மாட்டேங்குது, அழுகைகூட வரலை, அங்க போனா உங்களை நல்லாப் பாத்துப்பாங்க.

"அங்க எல்லாரும் அம்மாவைப் பத்தி கேட்டுட்டே இருப்பாங்க," என்றாள். "நான் அழுதா எல்லாரும் வந்து நிப்பாங்க. அழலைன்னாலும் ஏன் அழலைன்னு கேப்பாங்க. நீங்க கேக்க மாட்டீங்க மாமா. அதான் இங்க நல்லா இருக்கு."

இந்த வீட்டில் குறை என்று நான் நினைத்ததைத்தான் இந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அரிப்பைப் பொறுத்துக்கொண்டு. ஒரு மாதமாக. என் கண்ணெதிரே. நான் துண்டு துவைச்சுக்கிட்டு இருந்தேனே! கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?

கையுறை மாட்டிக்கொண்டேன். "கையை நீட்டு," என்றேன். நீட்டவில்லை.

"மருந்து வேற, அது வேற," என்றேன். "இது ஆறட்டும். ஆறினாலும் நீ இங்கதான்."

அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று சொன்னபிறகுதான் நினைத்தேன். ஆனால் அவள் கையை நீட்டிவிட்டாள்.

மார்ச் 9

கப்பலிலிருந்து அத்தான் பேசினார். நடந்ததைச் சொன்னேன். பாதி காற்றில் போயிற்று.

"உன்னால முடியுமாடா?" என்றார்.

"தெரியலை அத்தான். ஆனா இருக்கட்டும்."

"அப்ப இருக்கட்டும். எங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு. எனக்குப் பயம்."

எனக்கு மட்டும் பயம் இல்லையாக்கும்.

மார்ச் 14

சொல்லவில்லை. அத்தையின் போன் வரும்போதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று சின்னவன் சொல்கிறான். ஒரே நாளில் அத்தனை குளியல் என்றால் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

மார்ச் 18

பெரியவளுக்கு ஓரங்கள் அடங்கிவிட்டன. காலையும் மாலையும் நானே போடுகிறேன். பேச்சு கிடையாது. போட்டு முடித்ததும் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விடுவாள். இன்று போகாமல் உட்கார்ந்து என் மணிக்கட்டுக்கு அவள் போட்டுவிட்டாள், ஓரத்தைத் தாண்டி, சரியாக.

மார்ச் 29

தோல் டாக்டர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். சுத்தம். கால்நடை டாக்டர் அம்மாவும் சோதனை முடிவைச் சொல்லிவிட்டார். இரண்டிலும் பூஞ்சை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே போனை எடுத்தேன். பிள்ளைகள் இருவரும் எதிரே சோபாவில், மடியில் ஆளுக்கொரு கினிப்பன்றி.

"ஆறிடுச்சுக்கா. எல்லாருக்கும்."

"அப்பாடா! அப்ப எப்ப தம்பி கொண்டாந்து விடறீங்க?"

வாய்க்கு வந்தது சரிதான். விழுங்கிக்கொண்டேன்.

"இல்லக்கா. விடலை."

அவர் பேசினார். ஒற்றை ஆம்பளை, வயதுக்கு வரப்போகிற பெண், ஊர் என்ன சொல்லும், சமையல், காய்ச்சல். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. அக்கறையில்தான் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். லீவுக்கு வருவார்கள் என்றேன். நீங்களும் வாங்க, தெரியாததைச் சொல்லிக் குடுங்க என்றேன். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"எலிங்களுமா?"

"அதுங்களும்தான்."

போனை வைத்தேன். சின்னவன் நிதானத்தின் காதில் ஏதோ சொன்னான்.

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பழக்கதோஷத்தில் பக்கெட்டை எடுத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். துவைக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அக்கா, அக்கா என்று — பக்கெட் நிரம்பி வழிந்து காலெல்லாம் தண்ணீர் — நிறுத்த முடியவில்லை. அக்டோபரில் வரவேண்டியது.

கதவுக்கு வெளியே காலடி. நின்றது.

"மாமா, துவைக்க இன்னும் இருக்கா?" பெரியவள்.

குரலைச் சரிசெய்துகொள்ளப் பார்த்தேன். ஆகவில்லை.

"இருக்கும்மா. கொஞ்சம்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கூடத்துப் பக்கம் போய்த் தம்பியிடம் சொன்னது காதில் விழுந்தது:

"மாமா துவைக்கிறாரு. வர வரைக்கும் யாரும் கூப்பிடக்கூடாது."