செருப்பு முட்டுக்கொடுத்த பெட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எத்தனை கோபத்திலும் அதில் எனக்கு மாற்றமில்லை. இங்கே நானும் உடம்பளவில் சௌக்கியம்தான், போன மழையில் படகில் வழுக்கி விழுந்து அடிபட்ட இடுப்பு படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. உன் மாமாவும் சௌக்கியம். ஆனால் அவனோடு நான் பேசுவதில்லை, சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன். கூடப்பிறந்தவனிடம் ஏன் இப்படி என்று நீ கேட்கமாட்டாய், உனக்குத்தான் காரணம் தெரியுமே. போனில் பேசியிருக்கலாம். பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், நீயும் அம்மா அம்மா என்று குழைந்து என் வாயை அடைத்துவிடுவாய். கடிதமென்றால் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

வெயில் ஆரம்பித்த சமயம் ஒருநாள் கூப்பிட்டு, நம்ம படகு எப்படிம்மா இருக்கு, சீட்டுக்கு அடியில இருக்கிற பெட்டியெல்லாம் இன்னும் ஈரம் கட்டுதா என்று கேட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகிப் போனதிலிருந்து இடுப்பைக் கேட்பாய், மாத்திரையைக் கேட்பாய், படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்தேன். பகலில் காய்கிற வெயிலுக்கும் ராத்திரி ஏரியிலிருந்து ஏறுகிற குளிருக்கும் பெட்டி மூடியின் உட்பக்கம் வேர்த்துவிடுகிறது, சவாரி வருகிறவர்கள் நனைந்த லைஃப் ஜாக்கெட்டை அப்படியே உள்ளே திணித்து மூடிவிட்டுப் போகிறார்கள், மூடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் வேறு இற்றுப்போய்விட்டது, மறுநாள் திறந்தால் பூஞ்சை வாடை மூக்கில் அறைகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். நீ உம் கொட்டிக் கேட்டாய். பிறகு ஈரம் உறிஞ்சுகிற பைகளை வாங்கி ஒரு பெரிய பார்சலாக அனுப்பினாய். இதை உள்ள வச்சு, ஒவ்வொரு பெட்டியா தெறந்து நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பும்மா, பாக்கணும்போல இருக்கு என்றாய்.

பாக்கணும்போல இருக்கு என்ற அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பெட்டிக்குள்ளும் தலையை விட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் பூஞ்சையைத் துடைத்தேன். அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி அடைப்பெடுத்தேன். ஜாக்கெட்டை எல்லாம் கொடியில் போட்டுக் காயவைத்தேன். ரப்பரைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். காற்றுப் போகட்டும் என்று மூடிகளை எப்போதும்போல் கொஞ்சம் தூக்கி முட்டுக்கொடுத்து வைத்தேன். மற்றதற்கெல்லாம் கட்டைத்துண்டு, பின்பக்கத்துப் பெட்டிக்கு மட்டும் நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன அந்த நீலச் செருப்பு. அது பாட்டுக்கு போட்டோவிலும் விழுந்துவிட்டது. நீ பார்த்துச் சிரிப்பாய் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறைக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மனைவியோடு வந்தார். சவாரிக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜாக்கெட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, நேராகப் பின்பக்கம் போய்ப் பெட்டி மூடியைத் தூக்கி, இங்க பாரு, அந்தச் செருப்பேதான் என்று மனைவியிடம் காட்டினார். எங்கள் செருப்பை இவர் எங்கே பார்த்தார் என்று நான் விழிக்க, அவர் போனை நீட்டினார். நான் எடுத்த போட்டோ எல்லாம் வரிசையாக இருந்தது. கீழே, ஈரம் தங்காத பெட்டிகள், ஒரே கையின் பராமரிப்பு, உடனடி விற்பனைக்கு என்று எழுதி உன் பெயரும் மாமாவின் போன் நம்பரும். உன் மாமா கரையில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டின முடிச்சையே திரும்பத் திரும்பக் கட்டினான், தலை நிமிரவில்லை.

நான் சத்தம் போடவில்லை. வாருங்கள் என்று கூப்பிட்டு ஒவ்வொரு பெட்டியின் குறையையும் அவருக்குக் காட்டினேன். கறை தெரியாமல் இருக்க உன் மாமா ஒரு பெட்டிக்குள் புதிதாகக் கம்பளம் ஒட்டியிருந்தான், எனக்கு முழங்கால் உறுத்தாமல் இருக்கத்தான் செய்திருக்கிறான் என்று அதுவரை நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அதைப் பிய்த்துக் காட்டினேன். இத்தனை வருஷம் இதே படகில் கிடந்தவன், வடிகிற ஓட்டையின் மேலேயே ஒட்டியிருக்கிறான், அடியில் தண்ணீர் சொதசொதவென்று நின்றது. வைத்துக்கொள்கிற எண்ணம் இருக்கிறவன் அப்படி ஒட்டமாட்டான். தினமும் துடைக்க வேண்டும், தினமும் திறந்து வைக்க வேண்டும், ஒருநாள் சோம்பினால் நாறிவிடும் என்று பயமுறுத்தினேன். அவரோ, இவ்வளவு உள்ளதச் சொல்றவங்க படகுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் என்று மனைவியிடம் சொல்கிறார். என் வாயே எனக்கு எமனாகிவிட்டது. மாதக் கடைசியில் சாவி வாங்க வருகிறாராம். அவர்கள் போன பிறகு உன் மாமா வந்து, அக்கா, உன் இடுப்ப நெனச்சுத்தான், படகு அவ பேர்ல இருக்கு, அவ சொன்னா நான் என்ன பண்றது என்றான்.

உன் பெயரில்தான் இருக்கிறது. உன் அப்பா அப்படி எழுதியபோது தலையாட்டியவள் நான்தான். மகள் பெயரில் இருந்தால் என் பெயரில் இருக்கிற மாதிரிதானே என்று நினைத்தேன். என் இடுப்புக்காகப் பயந்தாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் முடியாமல் போகும், அன்றைக்கு நானே சாவியைத் தருவேன். அதைக் கேட்டு வாங்காமல், ஆசையாகக் கேட்கிற மாதிரி கேட்டு, விற்பதற்கு என் கையாலேயே துடைக்க வைத்தாயே, அதுதான் தாங்கவில்லை. வேறு யார் ஏமாற்றியிருந்தாலும் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இப்போது நீ, எப்படிம்மா இருக்கே என்று கேட்டால்கூட எதற்காகக் கேட்கிறாய் என்று யோசிக்கத் தோன்றுகிறது. பெற்ற மகளிடம் இப்படித் தோன்றக் கூடாது, ஆனால் தோன்றுகிறது.

விளம்பரத்தைப் போட்டவள் நீ, எடுக்க வேண்டியவளும் நீதான். எடுக்க மனமில்லை என்றால் மாதக் கடைசியில் நீயே வந்து, என் முன்னால் நின்று, அவர் கையில் சாவியைக் கொடு. மாமாவை அனுப்பாதே.

குழந்தைக்குச் சளி என்றாயே, ஈரத் தலையோடு தூங்க விடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அதை மனசாரத்தான் எழுதுகிறேன். இன்னொன்று, கிளம்பும்போது அந்தக் கடைக்காரர் செருப்பும் படகோடு சேர்த்தியா என்று விளையாட்டாகக் கேட்டார். படகு என் மகளுடையது, செருப்பு என்னுடையது, தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் தினமும் பெட்டிகளைத் திறந்து வைக்கிற
உன் அம்மா