ஒற்றைக்காலில் இருபத்தைந்து

அப்பா,

இன்றைக்குச் சாப்பாட்டை நீங்களே சூடாக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இதை உங்களிடம் கேட்கவே கூடாது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு மாலை ஷிப்ட். எனக்குப் பாலே நடன வகுப்பில் பரீட்சை.

ஒற்றைக்காலில் நின்று இருபத்தைந்து முறை குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். ஆடாமல் முடித்தால்தான் கால்விரல் நுனியில் நிற்பதற்கான ஷூவைப் போட விடுவார்கள். நேற்று மாடிப்படியில் இருபத்திரண்டு வரை வந்துவிட்டேன். "நம்ம வம்சத்துலயே மொதப் பட்டதாரி, கொக்கு மாதிரி நிக்கிறதப் பாரு" என்றீர்கள். சிரிப்பில் விழுந்தேன். கோபம் இன்னும் போகவில்லை.

சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

பி.கு: காலையில் யாருமில்லை என்று நினைத்து, நான் தினம் பயிற்சி செய்வதைப் போலவே கால்விரலால் துண்டைச் சுருட்டிப் பார்த்தீர்களே, பார்த்துவிட்டேன். பெருவிரல் மட்டும் போதாது, அஞ்சும் மடங்கணும். நாள் முழுக்க லாரி ஓட்டுகிற காலுக்கு நல்லது, விடாதீர்கள்.

இன்னொன்று: தேறினாலும் தேறாவிட்டாலும் வாரம் மூன்று நாள் வகுப்புக்குப் போவேன். அந்த மூன்று நாளும் அடுப்படி உங்கள் பொறுப்பு. கேட்கவில்லை, சொல்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.